தொழுகையும் ஜமாபந்தியும்

உத்திரமேரூர் தாலுகாவில் கால் காணி நிலம் வைத்திருப்பவர்கூட ஒரு தடவையாவது அடங்கல் நகலுக்காகக் கிராம நிர்வாக அலுவலகத்தில் போய் நின்றிருப்பார். சர்வே எண், பட்டா எண், நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர் என்று போகும் அந்தத் தாளின் தலைப்பில் ‘பசலி’ என்று போட்டு ஓர் எண் இருக்கும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான ஆண்டுக்கு அது 1434. வெகுநாள்வரை அது என்ன கணக்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டபோது கிடைத்த விடை என்னை நேரே அரபு நாட்டுக்குக் கொண்டுபோய் விட்டது.

நபிகள் நாயகம் மக்காவை விட்டு மதீனாவுக்குப் புறப்பட்ட 622ஆம் ஆண்டை முதலாக வைத்து எண்ணுவது ஹிஜ்ரி ஆண்டு. அது பிறைக் கணக்கு. ஆண்டுக்கு 354 நாள்தான். நெல்லோ சூரியன் போக்கில் விளைகிறது. பிறைக் கணக்கில் வரி கேட்டால் சில ஆண்டுகளில் அறுவடைக்கு முன்பே வசூலுக்கு ஆள் வந்து நிற்பான். அதனால் முகலாயர்கள் ஹிஜ்ரி எண்ணை ஓர் ஆண்டில் எடுத்துவைத்துக்கொண்டு, அதற்குமேல் சூரிய ஆண்டுகளாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். தக்காணத்தில் இது ஷாஜகான் காலத்தில் 1636இல் நடந்தது. அப்போது ஹிஜ்ரி 1046. இரண்டுக்கும் வித்தியாசம் 590. இன்றைக்கும் ஜூலையில் ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி வந்துவிடும். ஆக, பாலாற்றுக்கும் செய்யாற்றுக்கும் நடுவே இருக்கிற ஒரு கழனியின் கணக்கில், பதினான்கு நூற்றாண்டுக்கு முன்பு மக்காவிலிருந்து மறைந்து வெளியேறிய ஒருவரின் பயணம் பதிந்துகிடக்கிறது.

இதே ஊர்ப்பக்கத்தில் இன்னொரு காட்சியும் சின்ன வயதிலிருந்து எனக்குப் பழக்கம். பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகை முடிகிற நேரத்தில் பள்ளிவாசல் படிக்கட்டோரம் பெண்கள் கைக்குழந்தையோடு நிற்பார்கள். நெற்றியில் குங்குமம், சிலர் கழுத்தில் மஞ்சள் கயிறு. “பாய், புள்ள ராத்திரியெல்லாம் அழுவுது, கொஞ்சம் ஊதிவிடுங்க.” தொப்பியைச் சரிசெய்தபடி வெளியே வருகிறவர் ஏதோ ஓதி, குழந்தையின் முகத்தில் மெல்ல ஊதிவிட்டு, “ஆண்டவன் பாத்துக்குவான், போங்கம்மா” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவார். என் பாட்டி என்னையும் அப்படித் தூக்கிக்கொண்டு போய் நின்றவள்தான்.

ஓதுதல், ஆண்டவன், தொழுகை, பள்ளி, நோன்பு, பெருநாள்: அந்தப் படிக்கட்டில் புழங்குகிற சொல்லெல்லாம் தமிழ். பக்கத்துத் தெருவில் இருக்கிற தாலுகா அலுவலகத்தில் புழங்குகிற பசலி, ஜமாபந்தி, தாசில்தார், கிஸ்தி, ஜப்தி, ஜாமீன் எல்லாம் பாரசீகமும் அரபும். வழிபாட்டுச் சொல் தமிழாகவும் வரிக்கணக்குச் சொல் பாரசீகமாகவும் இருப்பது எப்படி நேர்ந்தது? இஸ்லாம் எங்கே பிறந்தது, எதை நம்பச் சொன்னது, எந்த வழியாக இந்த மண்ணுக்கு வந்தது என்ற பெரிய கேள்விக்கு இந்தச் சின்ன முரணே நல்ல வாசல் என்று நினைக்கிறேன்.

மக்கா விவசாய ஊர் அன்று. சுற்றிலும் கரட்டு மலை, நடுவே ஸம்ஸம் என்ற ஊற்று, அதையொட்டிக் கஅபா என்ற கனசதுரக் கட்டடம். ஊரை நடத்தியது குறைஷிக் குலம். கஅபாவைக் காண வருகிற யாத்திரிகர்களும், வடக்கே சிரியா, தெற்கே ஏமன் என்று போய்வந்த ஒட்டக வணிகமும்தான் ஊருக்குச் சோறு போட்டன. கிழக்கே சாசானியப் பாரசீகமும் மேற்கே பைசாந்திய ரோமும் 602 முதல் 628 வரை ஓயாமல் போரிட்டு இரண்டும் இளைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அந்தக் குறைஷிகளில் ஹாஷிம் கிளையில் ஏறத்தாழ 570இல் முகம்மது பிறந்தார். பிறப்பதற்கு முன்பே தந்தை அப்துல்லா இறந்துவிட்டார். ஆறு வயதில் தாய் ஆமினாவும் போனார். பாட்டனார் அப்துல் முத்தலிபும், அவருக்குப் பின் பெரிய தந்தை அபூதாலிபும் வளர்த்தார்கள். அநாதைப் பிள்ளையின் சொத்தைத் தொடாதே என்று இந்த மார்க்கம் திரும்பத் திரும்ப எச்சரிப்பதைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஆறு வயதுப் பையன்தான் என் நினைவுக்கு வருகிறான். வளர்ந்தபின் கதீஜா என்ற வணிகப் பெண்மணியின் சரக்கை எடுத்துக்கொண்டு சிரியாவுக்குப் போய்வந்தார், அவரையே மணந்தார். நாணயமானவர் என்று ஊரில் பெயர்.

நாற்பது வயதில், 610இல், ஹிரா குகையில் தனித்திருந்தபோது முதல் இறைச்செய்தி வந்தது என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. ஓதும்படி இட்ட கட்டளையோடு அது தொடங்கியது. நடுங்கி வீட்டுக்கு வந்தவரைப் போர்த்தித் தேற்றியவர் கதீஜா. முதலில் நம்பியவரும் அவர்தான். அடுத்து வந்தவர்களைப் பாருங்கள்: சிறுவர் அலி, விடுதலை பெற்ற அடிமை ஸைது, நண்பர் அபூபக்கர், அபிசீனிய அடிமை பிலால். பிலாலைச் சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றியும் அவர் ‘ஒருவனே’ என்பதைக் கைவிடவில்லை. பிற்பாடு தொழுகைக்கு அழைக்கிற முதல் குரல் அவருடையதாயிற்று. ஊர்ப் பெரியவர்கள் கோபப்பட்டதில் வியப்பில்லை. கஅபாவுக்குள் இருந்த தெய்வ உருவங்களை மறுப்பது, யாத்திரிகர் வருமானத்தை மறுப்பது. குலப்பெருமையை மறுப்பது, குறைஷிகளின் ஆட்சியையே மறுப்பது.

615 வாக்கில் ஒரு கூட்டம் கடல் தாண்டி அபிசீனியக் கிறித்தவ மன்னனிடம் அடைக்கலம் போனது. 622இல் நபிகளும் யஸ்ரிபுக்குப் போனார். அவர் போனபின் அந்த ஊர் மதீனா ஆயிற்று. அங்கே ஓர் உடன்படிக்கை எழுதிக் குலங்களை ஒன்றாக்கினார். ஊரிலிருந்த யூதர்களும் அதில் உண்டு. பத்ரு (624), உஹது (625), அகழ்ப்போர் (627) என்று மக்காவோடு போர்கள் நடந்தன. அந்தப் போர்க்காலத்தில் யூதக் குலங்களோடு இருந்த உறவு முறிந்தது. இரண்டு குலங்கள் வெளியேற்றப்பட்டன. மூன்றாவது குலத்தின் ஆண்கள் கொல்லப்பட்டார்கள் என்று முஸ்லிம்கள் எழுதிய பழைய வரலாறுகளே கூறுகின்றன. இதை மறைத்து எழுதுவதும் இதை மட்டுமே எழுதுவதும் ஒரே தவறு. 630இல் பெரிய இரத்தச் சேதமின்றி மக்கா அவர் கைக்கு வந்தது. தன்னை விரட்டிய ஊரில் பெரும்பாலோரை மன்னித்தார். கஅபாவின் உருவங்கள் அகற்றப்பட்டன. 632இல் மதீனாவில் காலமானார்.

அவர் சொன்னதன் மையம் ஒன்றுதான்: இறைவன் ஒருவன், அவனுக்கு நிகர் எதுவும் கிடையாது. அதற்கு மாறாக நடப்பதைத் தமிழ் முஸ்லிம்கள் ‘இணை வைத்தல்’ என்பார்கள். எவ்வளவு துல்லியமான தமிழ்! அவனோடு சேர்த்து வானவர்கள், அவன் அனுப்பிய வேதங்கள், தூதர்கள், இறுதி நாள், விதி ஆகியவற்றையும் நம்ப வேண்டும். தூதர்கள் வரிசையில் இப்ராஹீம், மூஸா, ஈஸா எல்லோரும் உண்டு. அதாவது கிறித்தவர்கள் சொல்லும் ஆபிரகாம், மோசே, இயேசு. கன்னி மர்யமின் மகனாக ஈஸா பிறந்ததை இஸ்லாம் ஏற்கிறது; அவர் இறைவனின் மகன் என்பதை ஏற்பதில்லை. அந்த வரிசையின் கடைசித் தூதர் முகம்மது. அவருக்கு 23 ஆண்டுகளில் சிறுகச் சிறுக அருளப்பட்டதாக நம்பப்படுவது குர்ஆன்; 114 அத்தியாயங்கள். மூன்றாம் கலீபா உஸ்மான் காலத்தில், ஏறத்தாழ 650இல், ஒரே பாடமாக எழுதி ஊர்களுக்கு அனுப்பப்பட்டது. நபிகளின் சொல்லும் செயலும் ஹதீஸ் என்று தனியே தொகுக்கப்பட்டன.

கடமைகள் ஐந்து. கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ். இந்தப் பட்டியலில் இரண்டு சொல் தமிழாகவும் மூன்று அரபாகவும் இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. தொழுவதும் நோற்பதும் தமிழர்களுக்கு முன்பே தெரியும். மார்கழியில் பாவை நோன்பு நோற்ற ஊர் இது. சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஏழைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற விதிக்குத் தமிழில் சொல் இல்லை. தர்மம் என்றால் கொடுப்பவன் மனசு. ஜகாத் என்றால் வாங்குபவனின் உரிமை. புதுப் பொருளுக்குப் புதுச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள்.

நோன்புக் கஞ்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மத்தியானமே பள்ளிவாசல் பின்கட்டில் பெரிய தேக்சா அடுப்பில் ஏறிவிடும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், உரித்த பூண்டு. தாளிக்கப் பட்டை, கிராம்பு, வெங்காயம், இஞ்சி. கடைசியில் தேங்காய்ப் பால், புதினா, மல்லி. அரிசி நொறுங்கிக் குழையும்வரை நீளக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருப்பார்கள். விடியலுக்கு முன்பிருந்து தண்ணீர்கூடத் தொடாத வயிறு அது. வெந்தயமும் பூண்டும் அதற்காகத்தான். அசர் தொழுகைக்குப் பிறகு தூக்குவாளியோடு வரிசை நிற்கும். அதில் நோன்பு இருக்கிற வீட்டுப் பிள்ளைகளும் இருக்கும், இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் இருக்கும். நோன்பு மாதங்களில் இதற்கென்று தமிழ்நாடு அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி கொடுக்கிறது. அரபு நாட்டில் நோன்பு திறப்பது பேரீச்சம்பழத்தால். இங்கேயும் முதலில் வாயில் போடுவது அதுதான். பசி ஆறுவது கஞ்சியில்.

நபிகள் போனபின் தலைமைக்கு யார் என்ற கேள்வி வந்தது. அவருக்கு உயிரோடிருந்த மகன் இல்லை. வாரிசு என்று அவர் யாரையும் அறிவிக்கவில்லை என்பது ஒரு தரப்பு, மருமகன் அலியை அறிவித்தார் என்பது இன்னொரு தரப்பு. மதீனாவில் ஒரு பந்தலின் கீழ் கூடிப் பேசி அபூபக்கரை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த கலீபா உமர், சாகும் தறுவாயில் ஆறு பேர் கொண்ட குழுவை வைத்து அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். குடவோலைத் தேர்தல் நடந்த உத்திரமேரூர்க்காரனுக்கு இந்தக் கட்டம் தனியாகப் புரியும். எங்கள் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகளும் இதே கவலையில் எழுந்தவைதான்: பொறுப்பை யாரிடம் கொடுப்பது, யாரிடம் கொடுக்கக் கூடாது? முப்பது குடும்பு, வயது 35க்கு மேல் 70க்குள், கால்வேலி இறைநிலம், வேதப் பயிற்சி, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் இடமில்லை. அது பிராமணச் சபைக்குள் மட்டும் நடந்த தேர்வு. மதீனாவில் நடந்தது ஒரு பேரரசின் தலைவிதி. இங்கே ஓலையை எடுக்க ஒரு சிறுவனை விட்டார்கள். அங்கே அப்படி ஒரு வழி அமையவில்லை. நான்கு கலீபாக்களில் மூவர் கொலையுண்டார்கள். அலிக்குப் பின் 661இல் ஆட்சி டமாஸ்கஸில் உமையா குடும்பச் சொத்தாயிற்று. 680இல் கர்பலாவில் நபிகளின் பேரர் ஹுசைன் சிறு கூட்டத்தோடு வெட்டப்பட்டார். சன்னி, ஷியா என்ற பிளவுக்கு ஆறாத புண்ணாக நிற்பது அந்த நாள்.

பரவல் என்றதும் பலருக்கும் வாள்தான் கண்முன் வருகிறது. படையெடுப்பு வேகமாகத்தான் நடந்தது. 636இல் யர்மூக்கில் ரோமர் தோற்றார்கள். 642க்குள் பாரசீகத்தின் படைபலம் முறிந்தது, எகிப்து வீழ்ந்தது. 711இல் ஸ்பெயின், அதையொட்டியே சிந்து. ஆனால் நாட்டைப் பிடித்த வேகத்தில் மக்கள் மதம் மாறவில்லை. ஆரம்பகால அரபு ஆட்சியாளர்களுக்கு அதில் பெரிய ஆர்வமும் இல்லை. முஸ்லிமல்லாதவர் கொடுத்த ஜிஸ்யா வரியில் கருவூலம் நடந்தது. ஈரானில் பெரும்பான்மையோர் முஸ்லிமாக இரண்டு, மூன்று நூற்றாண்டுகள் ஆயின என்பதை ரிச்சர்ட் புல்லியட் அங்குள்ள குடும்பங்களின் பெயர் வரிசைகளைக் கொண்டே கணக்கிட்டுக் காட்டினார். வங்காளத்தில் காடு திருத்தி நெல் விளைவித்த குடியேற்றத்தோடு இஸ்லாம் மெல்லப் பரவியதை ரிச்சர்ட் ஈட்டன் விரிவாக எழுதினார். டெல்லியைச் சுற்றி, சுல்தான்களின் காலடியிலேயே இருந்த நாட்டில் முஸ்லிம்கள் சிறுபான்மையாகவே இருந்தார்கள். வாள் மட்டுமே காரணம் என்றால் இது நேர்மாறாக இருந்திருக்க வேண்டும்.

921இல் எங்கள் ஊர்ச் சபை இரண்டாவது கல்வெட்டை வெட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டில், பாக்தாதிலிருந்து கலீபா முக்ததிரின் தூதுக்குழு வோல்கா ஆற்றங்கரைப் பல்காரியரை நோக்கிப் புறப்பட்டது. அதில் போன இப்னு ஃபத்லான் எழுதிய பயணக் குறிப்பு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு மஸ்ஊதி என்ற அரபு வரலாற்றாசிரியர் இன்றைய மும்பைக்குத் தெற்கே சைமூர் துறைமுகத்துக்கு வந்து, அங்கே பத்தாயிரம் முஸ்லிம்கள் இருப்பதாக எழுதினார். பராந்தகன் நாளில் இஸ்லாம் உலகத்துக்குப் புதிதன்று. சோழர் கரைக்கும் புதிதன்று.

கடல்வழியாக வந்தவர்களைத் தமிழ் ‘சோனகர்’ என்றது. பழைய ‘யவனர்’ என்ற சொல்லே உருமாறி இப்படி ஆனது. கிரேக்க, ரோம வணிகர்களுக்கு வைத்திருந்த பெயரைத் தமிழர்கள் அதே கடலில், அதே காற்றில் வந்த அரபிகளுக்குக் கொடுத்தார்கள். இலங்கையில் இன்றும் அரசு கணக்கில் அவர்கள் ‘இலங்கைச் சோனகர்’தான். திருச்சியில் கோட்டை ரயில் நிலையத்தின் அருகே இருக்கிற சிறிய கல்லுப்பள்ளியின் அரபுக் கல்வெட்டு ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734 என்று ஆண்டு சொல்கிறது. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற கிறித்தவக் கோயிலுக்கு வேணாட்டு அய்யனடிகள் கொடுத்த செப்பேட்டில் சாட்சிக் கையெழுத்துகள் கூஃபி அரபியில், பாரசீகப் பஹ்லவியில், எபிரேய எழுத்தில் இருக்கின்றன. ஒரு மன்னனின் கொடைக்கு முஸ்லிம், பாரசீகர், யூதர் மூவரும் சாட்சி. அந்தச் செப்பேட்டில் வருகிற ‘அஞ்சுவண்ணம்’ என்ற வணிகக் குழுவின் பெயரும் பாரசீக ‘அஞ்சுமன்’ என்பதிலிருந்து வந்ததுதான்.

இங்கே என் வாதத்துக்கு எதிரான ஒன்றை நானே சொல்லிவிட வேண்டும். தமிழ் முஸ்லிம்கள் தொழுகை அழைப்பைப் ‘பாங்கு’ என்கிறார்கள். அது பாரசீகச் சொல். கடல்வழி வந்த இஸ்லாம் முழுக்க அரபும் தமிழுமாக இருந்தது என்று சொல்ல அது இடம் கொடுக்காது. வளைகுடாவின் ஸீராஃப், கீஷ் துறைமுகங்களிலிருந்து பாய்மரம் ஏறியவர்களில் பாரசீகர்கள் நிறையப் பேர் என்பதற்கு அந்தச் சொல்லே தடயம். அப்படியிருந்தும் தொழுகை ‘நமாஸ்’ ஆகவில்லை, நோன்பு ‘ரோஜா’ ஆகவில்லை. வட இந்தியாவில் இவை பாரசீகப் பெயரிலேயே வழங்குகின்றன. அங்கே மதம் பாரசீகம் பேசிய துருக்கியர் ஆட்சியோடு போய்ச் சேர்ந்தது. தமிழ்க் கரையில் வந்தவர்கள் ஆளவில்லை. சரக்கு இறக்கினார்கள், பெண் எடுத்தார்கள், பிள்ளைகள் தாய்மொழியில் வளர்ந்தார்கள். அந்தத் தாய் தன் பிள்ளைக்கு ‘தொழு’ என்றுதான் சொல்லியிருப்பாள். மலாய் மொழியில் நோன்புக்குப் ‘புவாசா’ என்று பெயர், ‘உபவாசம்’தான் அது. அங்கேயும் இஸ்லாம் கப்பலில் போனது. அதைக் கொண்டுபோனவர்களில் நம் கரைக்காரர்கள் உண்டு. மார்க்கம் கற்பிப்பவரை மலாயில் ‘லெபை’ என்கிறார்கள், நம் லெப்பைதான்.

‘பள்ளி’ என்ற சொல்லின் பயணம் இன்னும் அழகு. சமணரும் பௌத்தரும் தங்கி ஓதிய இடம் பள்ளி. அதற்கு விட்ட இறையிலி நிலம் பள்ளிச்சந்தம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருப்பருத்திக்குன்றத்தில் சமணப்பள்ளி இன்றும் இருக்கிறது. உருவமில்லாமல், கூடித் தொழவும் ஓதவும் முஸ்லிம்கள் கட்டிய இடத்துக்குக் கோயில் என்ற சொல் பொருந்தவில்லை, பள்ளி பொருந்தியது. திருப்புல்லாணியில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப் பட்டினத்துச் சோனகர் பள்ளிக்கு நிலம் விட்டதைப் பதிவு செய்கிறது. வைணவ திவ்ய தேசத்துச் சுவரில் பள்ளிவாசல் நிலத்துக்கு ஆவணம்.

அந்தப் பாண்டியர்களுக்குச் சோனகர்கள் வேண்டியிருந்ததற்குக் காரணம் குதிரை. இந்த வெயிலில் நல்ல குதிரை பிறப்பதில்லை, வந்ததும் நிலைப்பதில்லை. காயலுக்கு 1292 வாக்கில் வந்த மார்க்கோ போலோ, குதிரையைப் பராமரிக்கத் தெரியாமல் சாகடிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டு எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார் என்று கணக்குச் சொல்கிறார். அந்த வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த தகியுத்தீன் பாண்டியனுக்கு அமைச்சராகவே இருந்தார். மரைக்காயர் கலமேறினார், இராவுத்தர் என்ற பெயரே குதிரை வீரனைக் குறிப்பது.

கடற்கரை ஊர்கள் தங்கள் தொடக்கத்தை இன்னும் பழமைக்குக் கொண்டுபோகும். நம் பக்கத்துக் கோவளத்தில் கடலோரம் இருக்கிற தமீமுல் அன்சாரி தர்காவில் அடங்கியிருப்பவர் நபிகளின் தோழர், அவர் உடல் பேழையில் அலையோடு மிதந்து வந்து இங்கே ஒதுங்கியது என்பார்கள். கொடுங்கல்லூரில் சேரமான் பெருமாள் மக்காவுக்குப் போனதாகக் கதை. இவற்றை வரலாற்றுச் சான்றாக வைக்க முடியாது. ஆனால் இரண்டு கதையும் ஒன்றையே சொல்கின்றன: எங்களிடம் இது படையோடு வரவில்லை, கடலோடு வந்தது. அந்த நினைவை நான் மதிக்கிறேன்.

படையும் வந்தது. ஆறு நூற்றாண்டுகள் பிந்தி வந்தது. 1311இல் மாலிக் காபூர் மதுரைவரை சூறையாடினார். அப்போது பாண்டியர் பக்கம் நின்று போரிட்டவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். 1335 முதல் 1378 வரை மதுரையில் சுல்தான்கள் ஆண்டார்கள். அவர்களில் கியாசுத்தீனின் உறவினராகவே மதுரையில் தங்கிய காஜி இப்னு பதூதா, கண்ணெதிரே பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையைப் பார்த்து மனம் பதறி எழுதியிருக்கிறார். அந்த ஆட்சியின் கொடுமைக்கு அழுத்தமான சாட்சி ஒரு முஸ்லிம் காஜிதான். தரைவழி வந்த இவர்களுக்குத் தமிழ் வேறு பெயர் வைத்தது: துருக்கரிலிருந்து ‘துலுக்கர்’. கடல்வழிக்கு ஒரு சொல், தரைவழிக்கு ஒரு சொல். சட்டநெறியும் பிரிந்தே நிற்கிறது. கரையோர மரைக்காயர்கள் ஏமனையும் மலாயாவையும் போலப் பெரும்பாலும் ஷாஃபி. உள்நாட்டு இராவுத்தரும், வட மாவட்டங்களின் லெப்பைகளும், தக்னி உருது பேசுவோரும் துருக்கியரைப் போல ஹனஃபி. கரையில் அப்பா ‘வாப்பா’, உள்நாட்டில் ‘அத்தா’.

எங்கள் பக்கம் தரைவழியின் பக்கம். 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாப் படையும் பின் முகலாயப் படையும் காஞ்சி மண்டலத்துக்குள் வந்தன. 1688இல் அஞ்சி, காஞ்சி வரதரை உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோய் மறைத்தார்கள். 1710இல் அவர் திரும்பி வந்தது ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானிடம் பணிபுரிந்த லாலா தோடர்மாலின் உதவியால். அந்த இருபத்திரண்டு ஆண்டு அச்சமும் உண்மை, திரும்பி வந்ததும் உண்மை. பாலாற்றைத் தாண்டினால் வரும் வாலாஜாபாத், நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயர். அவர் 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனியார் நவாபின் கணக்குச் சொற்களை மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள். பசலியும் ஜமாபந்தியும் தாசில்தாரும் அப்படித்தான் இன்றுவரை நம் தாலுகா அலுவலகத்தில் இருக்கின்றன. மார்க்கத்தோடு வந்த சொற்கள் இவை என்று சிலர் நினைக்கிறார்கள். ஆட்சியோடு வந்தவை இவை. ஆட்சி போனபிறகும் மார்க்கத்தில் இல்லாதவர்கள்தான் இவற்றை அதிகம் புழங்குகிறார்கள்.

தமிழ் இலக்கியத்துக்குள் இஸ்லாம் வந்தது கரைவழிதான். 1572இல் வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலா மதுரையில் அரங்கேறியது. மார்க்கத்தைக் கேள்வியும் விடையுமாகச் சொல்லும் நூல். 17ஆம் நூற்றாண்டு இறுதியில் சீதக்காதியின் ஆதரவில் உமறுப் புலவர் 5,027 பாடல்களில் சீறாப்புராணம் பாடினார். அதன் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மழை பெய்கிறது, வெள்ளம் பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது. பாலைவனத்தைப் பார்க்காமல் பாடினார் என்று சொல்பவர்களை நான் ஏற்க மாட்டேன். நபிகள் பிறந்த நாட்டை உயர்ந்த நாடு என்று தமிழ் உழவனுக்குச் சொல்ல வேண்டுமானால் அங்கே ஆறு ஓடித்தான் ஆக வேண்டும். காப்பிய மரபு அது.

மக்கள் ஏன் சேர்ந்தார்கள் என்ற கேள்விக்கு வணிகமும் மண உறவும் மட்டும் போதாது. இறைநேசர்களின் ஈர்ப்பு உண்டு. நாகூரில் ஷாகுல் ஹமீது தர்காவின் 131 அடி மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். அதைவிடப் பெரியது, தோளோடு தோள் நின்று தொழலாம் என்ற வாக்கு. 1981இல் நெல்லைச் சீமை மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்தில் சேர்ந்தபோது நாடே அதிர்ந்தது. பணத்தையும் சதியையும் தேடியவர்கள் அந்த ஊர்த் தேநீர்க் கடையையும் தெருவையும் முதலில் பார்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். முஸ்லிம்களுக்குள்ளும் மரைக்காயர் வீட்டில் பெண் கேட்கப் பிறர் தயங்கிய காலம் இருந்தது. அதுவும் இந்த மண்ணின் பிடிதான். ஆனாலும் தொழுகை வரிசையில் முந்தி வந்தவருக்கு முன்வரிசை. குலம் கேட்பதில்லை.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு முஸ்லிம்கள் 42 லட்சம், நூற்றுக்கு 5.86. எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றில் போன நோன்பு மாதத்தில் ஒரு சாயங்காலம் போயிருந்தேன். ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பெரியவர் ஒருவர், வீட்டில் தக்னி பேசுகிறவர், “ரோஜா கோல்னே கா டைம் ஆயிடுச்சி, வாங்க” என்று பேரனைக் கூப்பிட்டார். பக்கத்தில் பாயில் இருந்த மளிகைக்கடைக்காரர், “நோன்பு தொறக்க இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு அத்தா, ஒக்காருங்க” என்றார். பாங்கு கேட்டது. இரண்டு பேரும் ஒரு தட்டிலிருந்து ஆளுக்கொரு பேரீச்சம்பழம் எடுத்தார்கள். “கஞ்சி இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா” என்று பெரியவர் குவளையை நீட்டினார்.